கிரான் பணிகளில் கோப்புப் பாதைச் சிக்கல்கள்

கிரான் பணிகளில் கோப்புப் பாதைச் சிக்கல்கள் என்பவை, யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் குறித்த நேரத்தில் தானாக இயங்குமாறு அமைக்கப்பட்ட ஸ்கிரிப்டுகள், தமக்குத் தேவையான கோப்புகளையோ கட்டளைகளையோ கண்டடைய இயலாததால் ஏற்படும் பிழைகள் ஆகும். முனையத்தில் தட்டச்சு செய்து இயக்கும்போது சரியாக வேலை செய்யும் ஒரு ஸ்கிரிப்ட், கிரான் வழியாக இயங்கும்போது தோல்வியடைவது இச்சிக்கலின் பொதுவான அறிகுறியாகும். ஸ்கிரிப்டில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. அது இயங்கும் சூழல் மட்டுமே மாறியிருக்கும்.

இவ்வகைப் பிழைகள் பெரும்பாலும் எவருடைய கவனத்திற்கும் வராமல் நிகழ்கின்றன. இரவில் காப்புநகல் எடுக்க வேண்டிய பணி பல மாதங்களாகத் தோல்வியடைந்து வந்தாலும், அந்தக் காப்புநகல் தேவைப்படும் நாளில்தான் அது தெரியவரும். பழைய கோப்புகளை நீக்கும் பணியோ, தவறான அடைவில் இயங்கினால் தேவையான கோப்புகளை அழித்துவிடக்கூடும். எனவே பிழை காட்டி நின்றுவிடும் ஸ்கிரிப்டை விட, தவறான இடத்தில் வெற்றிகரமாக இயங்கி முடியும் ஸ்கிரிப்டே அதிக ஆபத்தானது.

வரலாறு

கட்டளைகளைக் குறித்த நேரத்தில் இயக்கும் கிரான் எனும் பின்னணி நிரல், பெல் ஆய்வுக்கூடங்களில் உருவாகி 1979 ஆம் ஆண்டு வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்றிருந்தது. அதில் கணினி முழுமைக்கும் ஒரே அட்டவணைக் கோப்பு மட்டுமே இருந்தது. பின்னர் ஒவ்வொரு பயனரும் தமக்கெனத் தனி அட்டவணை வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. பால் விக்சி 1987 இல் எழுதிய விக்சி கிரான், லினக்சு வழங்கல்களிலும் பி.எஸ்.டி. இயங்குதளங்களிலும் பரவலாகப் பயன்பாட்டிற்கு வந்தது. அதிலிருந்து கிளைத்த குரோனி எனும் வடிவத்தை ரெட் ஹேட் நிறுவனம் 2007 இல் தொடங்கியது. இக்கட்டுரையில் கூறப்படும் முன்னிருப்பு அமைப்புகள், வேறாகக் குறிப்பிடப்படாத இடங்களில், விக்சி கிரானுக்கு உரியவை.

பயனரின் அட்டவணைக் கோப்பு கிரான்டேப் எனப்படும். அதன் ஒவ்வொரு வரியிலும் நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை ஆகிய ஐந்து புலங்களும், அவற்றைத் தொடர்ந்து இயக்க வேண்டிய கட்டளையும் இருக்கும். எடுத்துக்காட்டு:

30 2 * * * /தரவு/நிரல்கள்/காப்பு

இவ்வரி, நாள்தோறும் அதிகாலை 2:30 மணிக்கு "காப்பு" எனும் ஸ்கிரிப்டை இயக்குகிறது. யுனிக்ஸ் கோப்புப் பெயர்களில் சாய்கோடும் சுழிய பைட்டும் தவிர வேறு எந்த எழுத்தும் இடம்பெறலாம் என்பதால், இங்குள்ளது போன்ற தமிழ்ப் பெயர்களும் செல்லுபடியாகும்.

பாதைப் பெயர் பொருள்கொள்ளப்படும் விதம்

ஒரு பாதைப் பெயர் எந்தக் கோப்பைக் குறிக்கிறது என்பது அப்பெயரின் எழுத்துகளை மட்டும் பொறுத்ததன்று. அதைத் திறக்க முயலும் நிரலின் நிலையையும் அது பொறுத்தது. ஸ்கிரிப்டுகளில் மூன்று வகைப் பெயர்கள் வருகின்றன.

- முழுப் பாதை: சாய்கோட்டில் தொடங்குவது. "/தரவு/பட்டியல்" என்பது எந்த அடைவிலிருந்து அழைத்தாலும் ஒரே இடத்தைக் குறிக்கும்.
- சார்புப் பாதை: சாய்கோட்டில் தொடங்காதது. "பட்டியல்" அல்லது "../பட்டியல்" என்பது, நிரலின் நடப்பு அடைவிலிருந்து தேடப்படும்.
- கட்டளைப் பெயர்: சாய்கோடே இல்லாமல் கட்டளையின் இடத்தில் வரும் சொல். இதனை ஷெல், பாத் எனும் சூழல் மாறியில் பட்டியலிடப்பட்ட அடைவுகளில் வரிசையாகத் தேடும்.

நடப்பு அடைவு என்பது ஸ்கிரிப்ட் சேமிக்கப்பட்டுள்ள அடைவு அன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே இத்துறையில் மிகப் பரவலான தவறான புரிதலாகும். ஒவ்வொரு நிரலும் தன்னைத் தொடங்கிய நிரலின் நடப்பு அடைவையே மரபுரிமையாகப் பெறுகிறது. முனையத்தில் பயனர் ஓர் அடைவிற்குச் சென்று ஸ்கிரிப்டை இயக்கினால், அந்த அடைவே ஸ்கிரிப்டின் நடப்பு அடைவாகிறது. கிரான் இயக்கும்போது, அட்டவணைக்கு உரிய பயனரின் வீட்டு அடைவு நடப்பு அடைவாக அமைகிறது.

எடுத்துக்காட்டாக, "/தரவு/நிரல்கள்" அடைவிலுள்ள "காப்பு" ஸ்கிரிப்ட், அதே அடைவிலுள்ள "பட்டியல்" எனும் கோப்பைப் பெயர் மட்டும் சொல்லித் திறப்பதாகக் கொள்வோம். பயனர் அவ்வடைவிற்குச் சென்று இயக்கும்போது கோப்பு கிடைக்கும். கிரான் இயக்கும்போது அப்பெயர் வீட்டு அடைவில் தேடப்படும். அங்கு அப்படியொரு கோப்பு இல்லையெனில் பிழை ஏற்படும். அதே பெயரில் வேறொரு பழைய கோப்பு அங்கு இருந்தால் நிலைமை மோசமாகும்: பிழைச்செய்தி ஏதும் இன்றி, தவறான பட்டியலைக் கொண்டு காப்புநகல் எடுக்கப்படும்.

முனையச் சூழலும் கிரான் சூழலும்

பயனர் முனையத்தில் நுழையும்போது, ஷெல் பல தொடக்கக் கோப்புகளைப் படித்துச் சூழல் மாறிகளை அமைக்கிறது. கிரான் அக்கோப்புகளைப் படிப்பதில்லை. இரண்டிற்கும் உள்ள முக்கிய வேறுபாடுகள் பின்வருமாறு:

- நடப்பு அடைவு: முனையத்தில் பயனர் கடைசியாகச் சென்ற அடைவு, கிரானில் பயனரின் வீட்டு அடைவு.
- பாத் மாறி: முனையத்தில் பல அடைவுகளைக் கொண்டது, கிரானில் "/யூஎஸ்ஆர்/பின்", "/பின்" ஆகிய இரண்டு மட்டும்.
- ஷெல்: முனையத்தில் பயனர் தேர்ந்தெடுத்தது, பெரும்பாலும் பாஷ், கிரானில் "/பின்/எஸ்எச்".
- மாற்றுப்பெயர்களும் பயனர் வரையறுத்த மாறிகளும்: முனையத்தில் உண்டு, கிரானில் இல்லை.
- வெளியீடு: முனையத்தில் திரையில் தோன்றும், கிரானில் பயனருக்கு உள்ளூர் மின்னஞ்சலாக அனுப்பப்படும். மின்னஞ்சல் வழங்கி நிறுவப்படாத கணினிகளில் இவ்வெளியீடு தொலைந்துவிடும்.

இறுதியாகக் கூறப்பட்ட வேறுபாடே, ஏனைய வேறுபாடுகளால் எழும் பிழைகளைப் பார்வையிலிருந்து மறைக்கிறது.

பொதுவான காரணங்கள்

கட்டளை கிடைக்காமை

பயனர் தாமாக நிறுவிய மென்பொருள்கள் பெரும்பாலும் "/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்" அடைவிலோ வீட்டு அடைவினுள்ளோ இருக்கும். கிரானின் குறுகிய பாத் மாறியில் இவ்வடைவுகள் இல்லாததால், கட்டளை கிடைக்கவில்லை எனும் பிழை எழும். அப்போது ஷெல் 127 எனும் வெளியேறு எண்ணைத் தரும். கட்டளைக் கோப்பு கிடைத்து, அதை இயக்க முடியாமல் போனால் அவ்வெண் 126 ஆகும். இவ்விரு எண்களும் சிக்கல் தேடலிலா அனுமதியிலா என்பதை உடனே பிரித்துக் காட்டுகின்றன.

இதைவிடக் கண்டறியக் கடினமானது, அதே பெயரில் வேறு பதிப்பு கிடைப்பதாகும். ஒரே மென்பொருளின் இரண்டு பதிப்புகள் நிறுவப்பட்ட கணினியில், முனையம் புதிய பதிப்பையும் கிரான் பழைய பதிப்பையும் இயக்கக்கூடும்.

அட்டவணையில் மாறிகள் விரிவடையாமை

கிரான்டேப் கோப்பில் சூழல் மாறிகளுக்கு மதிப்பளிக்கலாம். ஆனால் அவ்வரிகளை ஷெல் படிப்பதில்லை, கிரானே படிக்கிறது. எனவே பாத் மாறியின் முந்தைய மதிப்போடு ஓர் அடைவைச் சேர்க்கும் நோக்கில் டாலர் குறியுடன் எழுதினால், அது விரிவடையாமல் எழுதியபடியே மதிப்பாகிவிடும். வீட்டு அடைவைக் குறிக்கும் அலைக்குறியும் (~) இவ்வாறே. அட்டவணையில் மதிப்பளிக்கும்போது அடைவுகள் அனைத்தையும் முழுமையாக எழுத வேண்டும்.

விழுக்காட்டுக் குறி

கோப்புப் பெயரில் தேதியைச் சேர்ப்பதற்கு, டேட் கட்டளையை விழுக்காட்டுக் குறிகளுடன் பயன்படுத்துவது வழக்கம். கிரான்டேப் வரியில் விழுக்காட்டுக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு. முதல் விழுக்காட்டுக் குறியோடு கட்டளை முடிந்துவிடும். அதன்பின் உள்ளவை கட்டளைக்கான உள்ளீடாக அனுப்பப்படும். அடுத்து வரும் குறிகள் வரிமுறிவுகளாக மாற்றப்படும். ஆகவே முனையத்தில் இயங்கிய வரியை அப்படியே அட்டவணையில் ஒட்டினால் அது பாதியில் அறுந்துவிடும். ஒவ்வொரு விழுக்காட்டுக் குறிக்கும் முன்னால் பின்சாய்கோடு இட வேண்டும், அல்லது அக்கட்டளையை ஸ்கிரிப்டுக்குள் எழுத வேண்டும். ஸ்கிரிப்டுக்குள் இக்குறிக்குத் தனிப் பொருள் இல்லை.

வேறு பயனர்

ரூட் பயனரின் அட்டவணையில் இடப்பட்ட பணிக்கு ரூட்டின் வீட்டு அடைவே வீடாகும். இணையத்தள வழங்கிகளில் சில பணிகள் அதற்கெனவே உருவாக்கப்பட்ட பயனரின் பெயரில் இயங்குகின்றன. அப்பயனருக்குக் கோப்பைப் படிக்கும் அனுமதி இருந்தாலும், பாதையில் வரும் ஒவ்வோர் அடைவையும் கடந்து செல்லும் அனுமதி இருக்க வேண்டும். இடையில் ஓர் அடைவு பூட்டியிருந்தாலும் கோப்பை அடைய இயலாது. கணினி முழுமைக்குமான "/இடிசி/கிரான்டேப்" கோப்பில், ஐந்து நேரப் புலங்களுக்கு அடுத்து ஆறாவதாகப் பயனர் பெயர் வர வேண்டும். அதை எழுத மறந்தால், கட்டளையின் முதற்சொல்லே பயனர் பெயராகக் கொள்ளப்படும்.

வேறு ஷெல்

உபுண்டு 2006 இல் வெளியான 6.10 பதிப்பிலிருந்தும், டெபியன் 2011 இல் வெளியான 6.0 பதிப்பிலிருந்தும், "/பின்/எஸ்எச்" எனும் பெயருக்கு டாஷ் எனும் சிறிய ஷெல்லைப் பயன்படுத்துகின்றன. பாஷுக்கே உரிய சில வசதிகள் இதில் இல்லை. மற்றொரு கோப்பிலுள்ள கட்டளைகளைப் படித்துச் செயற்படுத்தும் புள்ளிக் கட்டளையில் பாதைச் சிக்கல் ஒன்றும் உண்டு. கோப்பின் பெயரில் சாய்கோடு இல்லையெனில், டாஷ் அதைப் பாத் மாறியின் அடைவுகளில் மட்டுமே தேடும். பாஷ் அங்கு கிடைக்காதபோது நடப்பு அடைவிலும் தேடும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து

விண்டோசு கணினியில் எழுதிய ஸ்கிரிப்டில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கூடுதல் கட்டுப்பாட்டு எழுத்து இருக்கும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் குறிப்பிடப்படும் ஷெல்லின் பாதையோடு அவ்வெழுத்தும் சேர்ந்துகொள்வதால், இல்லாத ஒரு நிரலைக் கருனி தேடும். திரையில் பாதை சரியாகவே தெரியும். "அத்தகைய கோப்போ அடைவோ இல்லை" எனும் பொருள்படும் பிழைச்செய்தி மட்டும் வரும். கோப்பை யுனிக்ஸ் வரி முடிவுகளுக்கு மாற்றுவதே இதற்குத் தீர்வு.

கோப்பின் பெயரில் புள்ளி

டெபியன் வகை வழங்கல்களில், நாள்தோறும் இயங்க வேண்டிய ஸ்கிரிப்டுகளை "/இடிசி/கிரான்.டெய்லி" அடைவில் இட்டு வைக்கலாம். அவ்வடைவை இயக்கும் ரன்-பார்ட்ஸ் நிரல், ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு, இடைக்கோடு ஆகியவை மட்டும் கொண்ட பெயர்களையே முன்னிருப்பாக ஏற்கும். எனவே பெயரின் இறுதியில் புள்ளியும் நீட்சியும் கொண்ட ஸ்கிரிப்ட், பிழைச்செய்தி ஏதுமின்றித் தவிர்க்கப்படும். தமிழில் பெயரிட்ட ஸ்கிரிப்டுக்கும் இதே நிலைதான்.

இணைக்கப்படாத வட்டு

வெளி வட்டு, பிணைய வட்டு ஆகியவை இணைக்கப்படும் அடைவு, வட்டு இல்லாதபோதும் வெற்று அடைவாக இருந்துகொண்டே இருக்கும். அப்போது இயங்கும் காப்புநகல் பணி, வெளி வட்டிற்குப் பதிலாகக் கணினியின் சொந்த வட்டிலேயே எழுதி அதை நிரப்பிவிடும். பயனர் நுழையும்போது மட்டும் திறக்கப்படும் மறையாக்கப்பட்ட வீட்டு அடைவுகளும், அவர் வெளியேறிய பின் கிரானுக்குக் கிடைப்பதில்லை.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

தமிழில் பெயரிட்ட கோப்புகளைக் கையாளும் பணிகளுக்குக் கூடுதலாகச் சில சிக்கல்கள் உண்டு. லினக்சில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயரின் உச்ச நீளம் 255 பைட்டுகள். யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளியும் 3 பைட்டுகள் எடுத்துக்கொள்வதால், தமிழ்ப் பெயரில் அதிகப்படியாக 85 புள்ளிகளே இடம்பெற முடியும். மெய்யெழுத்தும் பெரும்பாலான உயிர்மெய் எழுத்துகளும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகளால் ஆனவை. எனவே நீண்ட கட்டுரைத் தலைப்புகளைக் கோப்புப் பெயராக்கி, அதனுடன் தேதியையும் ஒட்டும் ஸ்கிரிப்டுகள் இவ்வரம்பை எளிதில் தாண்டிவிடும்.

ஒருங்குறியில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இரண்டு விதமாக எழுத இயலும். ஒற்றைக் குறியாக எழுதுவது ஒரு முறை. எழுத்தின் இருபுறமும் வரும் குறிகளைத் தனித்தனிப் புள்ளிகளாக எழுதுவது மற்றொரு முறை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். "தொகுப்பு" எனும் சொல் முதல் முறையில் 24 பைட்டுகளும் இரண்டாம் முறையில் 27 பைட்டுகளும் கொண்டது. லினக்சு கோப்பு முறைமைகள் வழக்கமாகப் பெயர்களைப் பைட்டு பைட்டாக ஒப்பிடுவதால், இவை இரு வேறு பெயர்களாகும். ஆப்பிள் கணினிகளில் முன்னர் முதன்மையாகப் பயன்பட்ட எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கிருந்து லினக்சு வழங்கிக்குப் படியெடுத்த கோப்பை, ஸ்கிரிப்டில் ஒற்றைக் குறியுடன் தட்டச்சு செய்த பெயரால் திறக்க இயலாமல் போவது இதனால்தான்.

மொழிச்சூழலைக் குறிக்கும் லேங் மாறி அமைக்கப்படாத கிரான் சூழலில், நிரல்கள் ஆஸ்கி எழுத்துகளை மட்டும் அறிந்த "சி" மொழிச்சூழலில் இயங்கும். பைத்தான் 3 இன் முந்தைய பதிப்புகள், இச்சூழலில் தமிழில் எழுதப்பட்ட பெயருள்ள கோப்பைத் திறக்க முயலும்போது குறிமுறைப் பிழை காட்டி நின்றுவிடும். 2018 இல் வெளியான பைத்தான் 3.7 முதல், "சி" மொழிச்சூழலிலும் யூடிஎஃப்-8 குறிமுறையே பயன்படுத்தப்படுகிறது. ஏனைய நிரல்களுக்காக லேங் மாறியை அட்டவணையிலேயே யூடிஎஃப்-8 மொழிச்சூழலுக்கு அமைத்துவிடலாம்.

கண்டறியும் முறை

சிக்கலைக் கண்டறியப் பின்வரும் வரிசை பயன்படும். ஒவ்வொரு படியும் அடுத்த படியின் தேடுபரப்பைச் சுருக்குகிறது.

1. பணி தொடங்கியதா என்பதை முதலில் உறுதி செய்தல். கிரான் தான் இயக்கிய ஒவ்வொரு கட்டளையையும் கணினியின் பதிவுக் கோப்பில் குறித்து வைக்கும். ரெட் ஹேட் வகை வழங்கல்களில் இப்பதிவு வழக்கமாக "/வார்/லாக்/கிரான்" கோப்பில் இருக்கும். பதிவில் வரியே இல்லையெனில் சிக்கல் பாதையில் இல்லை. நேரப் புலத்திலோ அட்டவணையிலோ இருக்கிறது. அட்டவணையின் கடைசி வரி வரிமுறிவுடன் முடியாமல் இருப்பதும் ஒரு காரணமாகலாம்.

2. வெளியீட்டையும் பிழைச்செய்தியையும் ஒரு கோப்பில் சேமித்தல். கட்டளையின் இறுதியில் ">> /தரவு/பதிவு/காப்பு 2>&1" எனச் சேர்க்க வேண்டும். "2>&1" என்பது கோப்பின் பெயருக்குப் பின்னரே வர வேண்டும்; முன்னால் வந்தால் பிழைச்செய்திகள் அக்கோப்பிற்குச் செல்லா. பதிவுக் கோப்பின் பாதையும் முழுப் பாதையாக இருத்தல் வேண்டும்.

3. கிரானின் சூழலைப் பதிவு செய்தல். சூழல் மாறிகளைக் காட்டும் என்வி கட்டளையையும், நடப்பு அடைவைக் காட்டும் பிடபிள்யூடி கட்டளையையும், பயனரைக் காட்டும் ஐடி கட்டளையையும் ஓரிரு நிமிடங்களுக்குத் தற்காலிகப் பணியாக இயக்கி, அவற்றின் வெளியீட்டை முனையத்தில் கிடைப்பதோடு ஒப்பிடலாம்.

4. அதே சூழலை முனையத்தில் உருவாக்குதல். என்வி கட்டளையை "-ஐ" விருப்பத்துடன் இயக்கினால் சூழல் மாறிகள் அனைத்தும் நீங்கிவிடும். மூன்றாம் படியில் கிடைத்த மாறிகளை மட்டும் கொடுத்து, வீட்டு அடைவிலிருந்து "/பின்/எஸ்எச்" வழியாக ஸ்கிரிப்டை இயக்கினால், அடுத்த இரவு வரை காத்திராமல் பிழையை மீண்டும் வரவழைக்கலாம்.

5. பாதையைத் துண்டு துண்டாகச் சோதித்தல். லினக்சில் உள்ள நேம்ஐ எனும் கட்டளை, ஒரு பாதையில் வரும் ஒவ்வோர் அடைவின் உரிமையாளரையும் அனுமதிகளையும் குறியீட்டு இணைப்புகளையும் வரிசையாகக் காட்டும்.

6. கருனி அழைப்புகளைக் கவனித்தல். மேற்கண்டவற்றால் விடை கிடைக்காதபோது, எஸ்ட்ரேஸ் எனும் கருவியால் நிரல் எந்தெந்தப் பெயர்களைத் திறக்க முயன்றது, எதில் தோல்வியுற்றது என்பதை நேரடியாகக் காணலாம். லினக்சில் கோப்பு இல்லை என்பதற்குரிய பிழை எண் 2. அனுமதி இல்லை என்பதற்குரிய பிழை எண் 13.

தவிர்க்கும் முறைகள்

முழுப் பாதைகளைப் பயன்படுத்துவது முதன்மையான தீர்வாகும். எனினும் எல்லா இடங்களிலும் முழுப் பாதையை எழுதினால், ஸ்கிரிப்டை வேறு கணினிக்கு மாற்றுவது கடினமாகும். அதனால் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஓர் அடிப்படை அடைவை மாறியாக வரையறுத்து, மற்ற பாதைகளை அதிலிருந்து அமைப்பது வழக்கம். பாத் மாறியையும் ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே வெளிப்படையாக அமைத்துவிட்டால், யார் இயக்கினாலும் ஒரே கட்டளைகள் கிடைக்கும்.

அடைவு மாற்றும் சிடி கட்டளையின் வெற்றியைச் சோதிக்க வேண்டும். ஓர் அடைவிற்குச் சென்று அங்குள்ள கோப்புகளை நீக்குமாறு அடுத்தடுத்த இரண்டு வரிகளில் எழுதினால், அவ்வடைவு இல்லாதபோது முதல் வரி மட்டுமே தோல்வியடையும். இரண்டாம் வரி வீட்டு அடைவில் இயங்கிக் கோப்புகளை நீக்கும். இரண்டு கட்டளைகளையும் "&&" குறியால் இணைத்தால், முதலாவது வெற்றிபெற்றால் மட்டுமே இரண்டாவது இயங்கும்.

நீக்கும் கட்டளைகளில் வரும் மாறிகள் வெறுமையாக இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். ஒரு மாறியின் மதிப்போடு சாய்கோட்டைச் சேர்த்து ஓர் அடைவு குறிக்கப்படும்போது, மாறி வெறுமையானால் எஞ்சுவது சாய்கோடு மட்டுமே. அது கோப்பு முறைமையின் மூல அடைவாகும். வரையறுக்கப்படாத மாறியைக் கண்டதும் ஸ்கிரிப்டை நிறுத்துமாறு ஷெல்லுக்குக் கட்டளையிடும் வசதி உண்டு. ஆயினும், வரையறுக்கப்பட்டு மதிப்பு மட்டும் வெறுமையாக உள்ள மாறியை அது பிடிக்காது. அதற்குத் தனிச் சோதனை தேவை. இடைவெளி கொண்ட பெயர்கள் சிதையாமலிருக்க, மாறிகளை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் எழுத வேண்டும்.

காப்புநகல் பணிகளுக்கு இவை மட்டும் போதா. வட்டு இணைக்கப்பட்டுள்ளதா என்பதை எழுதும் முன்பும், உருவான கோப்பின் அளவு சுழியமாக இல்லை என்பதை எழுதிய பின்பும் சோதிக்க வேண்டும். தோல்வியை அறிவிக்கும் ஏற்பாடே தோல்வியடையக்கூடும் என்பதால், வெற்றியை அறிவிக்கச் செய்து, அவ்வறிவிப்பு வராத நாளில் எச்சரிக்கை எழுப்புவது மேலானது. அவ்வப்போது காப்புநகலிலிருந்து கோப்புகளை மீட்டுப் பார்ப்பதே இறுதியான சோதனையாகும்.

பிற திட்டமிடு கருவிகள்

ஒரே ஒரு முறை குறித்த நேரத்தில் கட்டளையை இயக்கும் "அட்" நிரல், கட்டளை பதிவு செய்யப்பட்டபோதிருந்த நடப்பு அடைவையும் பெரும்பாலான சூழல் மாறிகளையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. எனவே கிரானில் தோல்வியடையும் ஸ்கிரிப்ட் இதில் இயங்கக்கூடும்.

லினக்சில் 2010 இல் அறிமுகமான சிஸ்டம்டி, நேரங்காட்டி அலகுகள் மூலம் கிரானின் பணியைச் செய்யவல்லது. கணினி முழுமைக்குமான அதன் சேவைகளுக்கு நடப்பு அடைவு முன்னிருப்பாக மூல அடைவாகும். பயனர் சேவைகளுக்கு வீட்டு அடைவாகும். ஒர்க்கிங்டைரக்டரி எனும் அமைப்பால் இதை மாற்றலாம்.

ஆப்பிள் நிறுவனம் 2005 இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4 பதிப்புடன் லாஞ்ச்டி எனும் கருவியை அறிமுகப்படுத்தியது. 2019 இல் வெளியான மேக் ஓஎஸ் 10.15 முதல், பயனரின் ஆவணங்கள், மேசைத்தளம் போன்ற அடைவுகளைத் திறக்க நிரல்களுக்குத் தனி ஒப்புதல் தேவைப்படுகிறது. இதனால் பாதையும் வழக்கமான அனுமதிகளும் சரியாக இருந்தும், கிரான் பணிகளுக்கு இவ்வடைவுகள் மறுக்கப்படலாம்.

அறியப்பட்ட நிகழ்வுகள்

2015 சனவரியில், வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் லினக்சு பதிப்பில் ஒரு பிழை தெரியவந்தது. அதன் தொடக்க ஸ்கிரிப்ட், தான் இருக்கும் அடைவைக் கணித்து ஒரு மாறியில் வைத்து, பின்னர் அம்மாறி குறிக்கும் அடைவிலுள்ள அனைத்தையும் நீக்கும் வரியைக் கொண்டிருந்தது. கணிப்பு தோல்வியுற்று மாறி வெறுமையானபோது, மூல அடைவிலிருந்து நீக்கம் தொடங்கியது. பயனரின் கோப்புகளும் இணைக்கப்பட்டிருந்த வெளி வட்டின் கோப்புகளும் அழிந்தன. இது கிரான் பணி அன்று எனினும், சோதிக்கப்படாத பாதை மாறியின் விளைவுக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி குறிப்பிடப்படுகிறது.

2017 சனவரி 31 அன்று, கிட்லேப் இணையத்தளத்தின் முதன்மைத் தரவுத்தள அடைவு பராமரிப்புப் பணியின்போது தவறுதலாக நீக்கப்பட்டது. நாள்தோறும் தானாக எடுக்கப்பட வேண்டிய காப்புநகலைத் தேடியபோது, அது இல்லை என்பது தெரியவந்தது. தரவுத்தளம் போசுகிரெசு 9.6 பதிப்பில் இயங்கியது. காப்புநகல் பணியோ 9.2 பதிப்பின் நிரலை இயக்கித் தோல்வியடைந்து வந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும், அனுப்புநரைச் சரிபார்க்கும் விதிகளுக்கு இணங்காததால் பெறும் வழங்கியால் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய ஆறு மணி நேரத்திற்கு முன் வேறொரு நோக்கத்திற்காக எடுக்கப்பட்டிருந்த வட்டுப் படியிலிருந்து தளம் மீட்கப்பட்டது; இடைப்பட்ட நேரத்தின் தரவுத்தளப் பதிவுகள் இழக்கப்பட்டன. நிரல்மூலக் களஞ்சியங்கள் பாதிக்கப்படவில்லை. இவ்விவரங்களை அந்நிறுவனமே பின்னர் பொதுவில் வெளியிட்டது.

இவற்றையும் பார்க்கவும்

- யுனிக்ஸ்
- லினக்சு கருனி
- ஷெல்
- சூழல் மாறி
- கோப்பு முறைமை
- காப்புநகல்
- ஒருங்குறி